மூன்றாம் பக்கத்தில் ஒரு கால் பக்க விளம்பரம்

பத்திரிகைக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்பது என் தொழில். கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், சித்தூர் பக்கம் கடை வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மீதிப் பாதிப் பேர் வாசலில் என் ஸ்கூட்டர் நிற்பதைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். பாலக்காட்டு எடிஷன் மலையாளப் பத்திரிகைக்கும் எடுக்கிறேன், கோயமுத்தூர் எடிஷன் தமிழ்ப் பத்திரிகைக்கும் எடுக்கிறேன். இரண்டும் விடிகாலையில் ஒரே பஸ் ஸ்டாண்டில்தான் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், கடையில் எது முதலில் வாயில் வருகிறதோ அது. அப்படிப்பட்ட ஊர் எங்களுடையது.

தொழிலை முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் இனிமேல் எழுதப்போவது என் கமிஷனுக்கு நானே வேட்டு வைத்துக்கொண்ட கதை.

2024 ஓணம் பலருக்கு நினைவிருக்கும். ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு. முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின, அரசு ஓண வாரக் கொண்டாட்டத்தையே வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. ஊரே துக்கத்தில் இருக்கும்போது எந்தக் கடைக்காரர் பூக்களம் படம் போட்டுத் தள்ளுபடி விளம்பரம் கொடுக்கத் துணிவார்? எனக்கு அந்த சீசனில் சிக்கியது ஏழோ எட்டோதான், அதில் பெரியது ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையின் கால் பக்கம், கலரில். ஃபேன், மிக்ஸி, இண்டக்ஷன் அடுப்பு, செல்போன் எல்லாம் விற்கிற கடை. கடைக்காரரை இங்கே முதலாளி என்றே சொல்கிறேன், ஊரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். மூன்றாம் பக்கம் என்றால் ரேட் கூடுதல், நாங்கள் அதற்குக் காசு கொடுக்கவில்லை, ஆனாலும் லேஅவுட்டில் எப்படியோ மூன்றாம் பக்கத்திலேயே விழுந்திருந்தது. காலையில் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மேலே என்ன செய்தி என்று நான் பார்க்கவே இல்லை. எங்கள் தொழிலில் யாரும் பார்க்க மாட்டோம், ஸ்கேல் வைத்து விளம்பரத்தின் நீள அகலத்தை மட்டும் அளப்போம்.

மேலே இருந்த செய்தி இது. ஆறு காலம் (column) அகலத்தில் தலைப்பு, அன்ய சம்ஸ்தானத் தொழிலாளிகள், அதாவது வெளிமாநிலத் தொழிலாளிகள், பெருகுகிறார்கள், ஊர்க்காரர்கள் பீதியில். தோட்டங்களில் மோட்டார் காப்பர் வயர் திருட்டுப் போகிறதாம், லைன் வீடுகளில் தங்கியிருக்கிற பங்காளிகள்தான் காரணம் என்று சந்தேகிக்கப்படுகிறதாம். யார் சந்தேகிக்கிறார்கள் என்று ஒரு பெயர் கிடையாது, போலீஸ் சொன்னதாக ஒரு வரி கிடையாது. இங்கே ஒடிசாக்காரரும் பங்காளிதான், அஸ்ஸாம்காரரும் பங்காளிதான், ஜார்க்கண்ட்காரரும் பங்காளிதான். தமிழில் நமக்குப் பங்காளி என்றால் சொத்துத் தகராறு ஞாபகம் வரும், மலையாளத்தில் அது வங்காளி.

அந்தக் கடையின் ஞாயிற்றுக்கிழமை வியாபாரமே இந்தப் பங்காளிகள்தான். கஞ்சிக்கோட்டு இரும்பு உருக்குப் பட்டறை, சுற்றிலும் உள்ள செங்கல் சூளை, தென்னந்தோப்பு, தக்காளிக் காடு எல்லாவற்றிலிருந்தும் அன்றைக்குத்தான் அவர்கள் டவுனுக்கு வருவார்கள். டேபிள் ஃபேனும் ப்ளூடூத் ஸ்பீக்கரும் அவர்கள் வாங்குகிற அளவுக்கு நாம் யாரும் வாங்குவதில்லை. பேப்பர் வந்த இரண்டு நாள் கழித்து ஒருவர் தவணை கட்ட வந்திருக்கிறார். ஒடிசாக்காரர், பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறார், முதலாளியோடு மலையாளத்தில்தான் பேசுவார், ஆனால் படிக்கத் தெரியாது. கூட வந்த மகள் நாலாம் வகுப்பு, மலையாள மீடியம். அப்பா பணம் எண்ணுகிற நேரத்தில் பிள்ளை கவுன்டரில் கிடந்த பேப்பரை எடுத்து எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்திருக்கிறாள். அன்-ய, சம்-ஸ்தா-ன. பள்ளிக்கூடத்தில் அப்படிப் படித்தால் டீச்சர் மெச்சுவார் இல்லையா, அந்தப் பழக்கம். முழுத் தலைப்பையும் படித்து முடித்து அப்பாவை நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். அவர் ஒன்றும் பேசவில்லை. ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போகும்போது அந்தச் செய்திக்குக் கீழே இருந்த கடைப் பெயரை விரலால் காட்டி, "இது நிங்ஙளுடெ கடையல்லே முதலாளி" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

அன்று மத்தியானம் முதலாளி எனக்குப் போன் செய்தார். "ஏனுங்ண்ணா, நான் காசு குடுத்து என்ற கஸ்டமரையே திருடன்னு போட வெச்சிருக்கறனாக்கும்?"

எனக்குப் பதில் வரவில்லை. அதற்கு ஒரு மாசம் முன்னால் கிட்டத்தட்ட இதே கேள்வியை வேறொருத்தி வேறொரு தேசத்திலிருந்து என்னிடம் கேட்டிருந்தாள்.

என் மனைவியின் அக்கா மகள் இங்கிலாந்தில் நர்ஸ். நாங்கள் டிவியில் சூரல்மலையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே வாரம் அங்கே வேறொரு கலவரம். ஜூலை 29 அன்று சவுத்போர்ட் என்ற ஊரில் நடன வகுப்புக்குப் போன சின்னப் பெண் குழந்தைகளை ஒருவன் கத்தியால் குத்தினான், மூன்று குழந்தைகள் இறந்தார்கள். படகில் வந்து அடைக்கலம் கேட்டவன்தான் கொலைகாரன் என்று நெட்டில் ஒரு பொய் கிளம்பியது. அவன் பிறந்தது பிரிட்டனிலேயே, கார்டிஃபில். ஆனால் அது தெரிவதற்குள் ஊர் ஊராகக் கல்லும் தீயும். ரோதர்ஹாம் பக்கம் அகதிகளைத் தங்கவைத்திருந்த ஓட்டலை உள்ளே ஆட்கள் இருக்கும்போதே கொளுத்தப் பார்த்தார்கள். சண்டர்லாந்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஃபிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் மேல் கல்லெறிந்தார்கள். இவளும் இவளோடு வேலை பார்க்கிற கோட்டயத்துப் பெண்களும் ஒரு வாரம் கூட்டமாகச் சேர்ந்துதான் டியூட்டிக்குப் போய் வந்தார்களாம். நாம் சூரல்மலையைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிறோம், அவள் கடைசியில்தான் தன் கதையைச் சொல்கிறாள்.

அவளுக்குக் கலவரக்காரர்கள் மேலே இருந்ததைவிடப் பெரிய கோபம் வேறிடத்தில். "சித்தப்பா, எங்க ஸ்டாஃப் ரூம் மேசைமேல தினமும் ஒரு பேப்பர் கெடக்கும். வருஷக்கணக்கா எங்களை மாதிரி வந்தவங்களைப் பத்தித்தான் தலைப்பு. அதைத் திருப்பினா அடுத்த பக்கம் முழுசா நான் அரிசி வாங்கற சூப்பர் மார்க்கெட் விளம்பரம். எங்கிட்ட அரிசிக்குக் காசு வாங்கி, என்னைத் தொரத்தச் சொல்ற பேப்பருக்குக் குடுக்கறான். நீங்கதான இந்தத் தொழில்ல இருக்கீங்க, இது எப்படி நடக்குதுன்னு சொல்லுங்க."

எப்படி நடக்கிறது என்றால் இப்படித்தான் நடக்கிறது. நீங்கள் பேப்பருக்குக் கொடுக்கிற காசு, ஏஜென்ட் கமிஷன் போக, அந்தப் பேப்பர் அச்சடித்த காகிதத்துக்கே சரியாகக் காணாது. மீதியெல்லாம் விளம்பரம். ஆகவே பத்திரிகை ஆபீஸில் வாசகர் என்பவர் முதலாளி இல்லை, அவர்தான் சரக்கு. இத்தனை லட்சம் ஜோடிக் கண்கள் எங்களிடம் இருக்கின்றன என்று ரேட் கார்டில் எழுதி, சதுர சென்டிமீட்டர் கணக்கில் கடைக்காரருக்கு விற்கிறோம். நான் இருபது வருஷமாக விற்றுக்கொண்டிருப்பதும் அதைத்தான். பயமும் கோபமும் வருகிற தலைப்புக்குக் கண்கள் கூடுதலாகச் சேரும், கண்கள் கூடினால் ரேட் கூடும். யாரும் உட்கார்ந்து சதி செய்ய வேண்டியதில்லை, கணக்குப்பிள்ளையே போதும்.

அவள் சொல்லித்தான் அங்கே இதற்கென்றே ஒரு இயக்கம் இருப்பது தெரிந்தது. பெயர் ஸ்டாப் ஃபண்டிங் ஹேட், வெறுப்புக்குப் படியளக்காதே என்று நம் பாஷையில் வைத்துக்கொள்ளலாம். 2016 ஆகஸ்டில் ரிச்சர்ட் வில்சன் என்பவர் தொடங்கியது. ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதற்கான பிரெக்சிட் வாக்கெடுப்பு முடிந்த சூடு, சன், டெய்லி மெயில், டெய்லி எக்ஸ்பிரஸ் மூன்று பத்திரிகைகளிலும் தினசரி வந்தேறிகள் செய்திதான். இவர்கள் பத்திரிகையைத் தடை செய் என்று சொல்லவில்லை, கொளுத்து என்று சொல்லவில்லை, வாசகரை வாங்காதே என்றும் பெரிதாகச் சொல்லவில்லை. விளம்பரம் கொடுக்கிற கம்பெனியிடம் போய், ஐயா நான் உங்கள் வாடிக்கையாளர், என் காசு இந்தத் தலைப்புக்குப் போகிறதே, இது உங்களுக்குச் சம்மதமா என்று மரியாதையாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். இருபது வருஷம் விளம்பரம் விற்றவனாகச் சொல்கிறேன், கத்துகிற ஆளைச் சமாளித்துவிடலாம், மரியாதையாகக் கேட்கிற வாடிக்கையாளரைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

முதல் பெரிய விக்கெட் லெகோ. நம் பிள்ளைகளும் விளையாடுகிற அதே பிளாஸ்டிக் செங்கல் கம்பெனிதான், டெய்லி மெயிலோடு சேர்ந்து இலவச பொம்மை கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு தகப்பன், என் பையனுக்கு உங்கள் பொம்மை வேண்டும், ஆனால் அதற்காக அந்தப் பேப்பரை வீட்டுக்குள் கொண்டுவர முடியவில்லை என்கிற மாதிரி கம்பெனிக்கு எழுதினார், அது பரவியது. 2016 நவம்பரில் லெகோ அந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி அந்தப் பத்திரிகையோடு இலவசத் திட்டம் எதுவும் யோசனையில் இல்லை என்று சொல்லிவிட்டது. மறு வருஷம் நவம்பரில் பேப்பர்சேஸ் என்ற கடை டெய்லி மெயில் முதல் பக்கத்தில் பரிசு சுற்றும் காகிதம் இலவசம் என்று போட்டது. சனிக்கிழமை விளம்பரம், திங்கட்கிழமை மன்னிப்பு. ஜான் லூயிஸ் என்ற பெரிய கடை மட்டும், பத்திரிகை எழுதுவதை எடைபோடுவது எங்கள் வேலை இல்லை என்று கடைசிவரை நின்றது. அதுவும் ஒரு பதில்தான், நான் அதைக் கேலி செய்ய மாட்டேன்.

ஏன் இந்தச் சுற்றுவழி, நேராகப் புகார் கொடுக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2015 ஏப்ரலில் கேட்டி ஹாப்கின்ஸ் என்ற பத்தி எழுத்தாளர் சன் பத்திரிகையில், மத்தியதரைக் கடலில் படகில் வருகிறவர்களைக் கரப்பான்பூச்சி என்று எழுதினார். இரண்டு நாளுக்குள் லிபியாவுக்கு அப்பால் ஒரு படகு கவிழ்ந்து நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். ஐ.நா. மனித உரிமை ஆணையர் ஸைத் ராத் அல் ஹுசைன், 1994ல் ருவாண்டா ரேடியோவும் கொல்லப்போகிற ஜனங்களை இதே கரப்பான்பூச்சி என்ற சொல்லால்தான் கூப்பிட்டது என்று எடுத்துச் சொன்னார். புகார்கள் குவிந்தன, லட்சக்கணக்கில் கையெழுத்து. ஆனால் அங்குள்ள பத்திரிகைக் கட்டுப்பாட்டு அமைப்பின் விதிப்படி, பாகுபாடு என்பது பேர் சொல்லி ஒரு தனி ஆளைத் திட்டினால்தான். கூட்டத்தையே திட்டினால் அந்த விதிக்குள் வராது. ஒருவனைப் பூச்சி என்றால் தப்பு, லட்சம் பேரைப் பூச்சி என்றால் கருத்து. நம் ஊர் பிரஸ் கவுன்சிலும் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அதற்கு மேல் 1978 சட்டத்தில் அதற்குப் பல் கிடையாது. ஆக, மீதி இருக்கிற ஒரே கதவு கல்லாப்பெட்டி.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கல்லாப்பெட்டியைத் தட்டுவது புதிதில்லை. பிளாச்சிமடை எங்களிடமிருந்து கூப்பிடு தூரம். கோலாக் கம்பெனி நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை என்று 2002 ஏப்ரலில் மயிலம்மாவும் மற்ற ஆதிவாசிப் பெண்களும் கம்பெனி வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பெருமாட்டி பஞ்சாயத்து லைசன்ஸைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் கம்பெனி ஓட்டத்தை நிறுத்தியது. கதை அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் இந்தியாவில் நடந்ததையும் கொலம்பியாவில் நடந்ததாகச் சொன்னதையும் வைத்து நிர்வாகத்தை நெருக்கி, 2006 தொடக்கத்தில் சில மாதம் அந்தப் பானத்தை வாங்குவதையே நிறுத்த வைத்தார்கள். சித்தூர் தாலூகாக் கிணற்றுக்காக அங்கே ஒரு பையன் கேன்டீனில் பாட்டிலை வேண்டாம் என்றிருக்கிறான். பந்தலில் உட்கார்ந்திருந்த பாட்டிகளுக்கு மிச்சிகன் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

சரி, முதலாளி விஷயத்துக்கு வருகிறேன்.

விளம்பர மேனேஜருக்குப் போன் போட்டேன். பல வருஷப் பழக்கம், அவரை சேட்டா என்றுதான் கூப்பிடுவேன். அது எடிட்டோரியல், நாங்கள் மார்க்கெட்டிங், நடுவில் சுவர் இருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சாதாரண மளிகைக் கடையில் கலப்படம் பிடித்தால் கடைப் பெயர், தெருப் பெயர், உரிமையாளரின் தகப்பன் பெயர் வரை வரும். பெரிய ஜவுளிக்கடையிலோ நகைக்கடையிலோ ரெய்டு என்றால் 'பிரபல' ஜவுளிக்கடை, 'பிரபல' நகைக்கடை என்று மட்டும் வரும். தமிழ், மலையாளம் இரண்டிலும் இதில் மட்டும் எந்த எல்லைத் தகராறும் கிடையாது. அந்தச் சுவரில் கதவு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எத்தனையோ தடவை அதன் வழியாகப் பலகாரப் பெட்டி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

அதனால் முதலாளியிடம், வாயால் சொன்னால் ஆகாது, ஒரு கடிதம் கொடுங்கள் என்றேன். நானே எழுதிக் கொடுத்தேன், நாலு வரி. எங்கள் விளம்பரம் வந்த பக்கத்தில் எங்கள் வாடிக்கையாளர்களை ஆதாரமில்லாமல் திருடர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அவர்கள் எங்களிடம் வந்து கேட்கிறார்கள், எங்களால் பதில் சொல்ல முடியவில்லை, இப்படிப்பட்ட செய்தியோடு எங்கள் விளம்பரம் வருவதாக இருந்தால் அடுத்த சீசனுக்கு யோசிக்க வேண்டியிருக்கும். செய்தியை எடு என்றோ நிருபரை மாற்று என்றோ ஒரு வார்த்தை இல்லை. அதைத் தெரிந்தேதான் எழுதவில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இதே கடிதத்தை எடுத்துக்கொண்டு இன்னும் ஆறு கடை ஏறினேன். மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் காபி வாங்கிக் கொடுத்து வேறு பேச்சுப் பேசி அனுப்பிவிட்டார். இன்னொருவர், எங்களுக்கு எதுக்குங்க வம்பு என்றார். செருப்புக் கடைக்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை கல்லாவில் பாதி பங்காளிக் காசு, அவர்தான் என்னை நேராகப் பார்த்து, "அவங்க எழுதினதுல என்ன தப்பு, நெசந்தான?" என்றார். நான் அவரிடம் ஒன்று கேட்டேன், உங்கள் தாத்தா பாலக்காட்டு மார்க்கெட்டில் மூட்டை தூக்கினபோது அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று. பதில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். 'எடா பாண்டி', தமிழனை இளக்காரமாகக் கூப்பிடுகிற சொல். நாங்கள் இந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்கள், எந்த ஊரிலிருந்தும் வரவில்லை, மாநில எல்லைக் கோடுதான் எங்களைத் தாண்டி அந்தப் பக்கம் போனது, இருந்தும் பாண்டிதான். அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

2011 கடைசியில் முல்லைப் பெரியாறு சூடு ஏறினபோது நான் இரண்டு மொழிப் பத்திரிகைக்கும் விளம்பரம் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். இடுக்கி ஏலத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலிக்காரக் குடும்பங்கள் துணி மூட்டையோடு மலை இறங்கி ஓடினார்கள், தமிழ்நாட்டில் மலையாளிகளின் டீக்கடையையும் நகைக்கடையையும் அடித்தார்கள். ஒரு பக்கத்துப் பேப்பரைப் படித்தால் அணை நாளைக்கே உடைந்துவிடும், மறு பக்கத்துப் பேப்பரைப் படித்தால் நாளைக்கே தண்ணீர் நின்றுவிடும். அந்த நாட்களில் நான் எந்தத் தலைப்பையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஸ்கேலைத்தான் பார்த்தேன். யாராவது ஒரு கடைக்காரர் அப்போது எனக்குப் போன் செய்து, முதலாளி கேட்ட கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அப்புறம் 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று எங்கேயோ நடந்த வீடியோவை ஒட்டவைத்துப் பொய்ச்செய்தி பரப்பினார்கள், திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் பொய் என்று தெரிந்துகொண்டு போனது. அப்போது நம்மாட்கள் எல்லோருக்கும் கோபம் வந்தது, நியாயமான கோபம். ஆனால் அதே நம்மாட்கள் வாட்ஸாப்பில் 'வடக்கன்' என்று போடுகிற ஜோக் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். நம்மை எழுதினால் அவதூறு, நாம் எழுதினால் நகைச்சுவை.

இனி என் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் திறவுகோல் எந்தக் கைக்கும் பொருந்தும். 2020 அக்டோபரில் ஒரே வாரத்தில் இரண்டும் நடந்தன. பஜாஜ் ஆட்டோவின் ராஜீவ் பஜாஜ், விஷம் கக்குகிற மூன்று சேனல்களுக்கு எங்கள் விளம்பரம் கிடையாது என்று சொன்னார், பார்லே பிஸ்கட் கம்பெனியும் அதே மாதிரி சொன்னது, நாமெல்லாம் கை தட்டினோம். அதே வாரம் தனிஷ்க் நகைக்கடை, இந்து மருமகளுக்கு முஸ்லிம் மாமியார் வளைகாப்பு நடத்துகிற ஒரு விளம்பரம் போட்டது, புறக்கணிப்போம் என்று கூச்சல் கிளம்பியதும் எங்கள் கடை ஊழியர்களின் பாதுகாப்பை நினைத்து எடுத்துவிடுகிறோம் என்று எடுத்துவிட்டது. இரண்டுமே வாடிக்கையாளர் நெருக்கடிதானே என்று யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கும். ஊழியர் பாதுகாப்பு என்ற சொல் வந்த இடத்தில் அது வாடிக்கையாளர் கேள்வி இல்லை, மிரட்டல், அந்த வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. ஆனால் எல்லா நேரமும் அவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

கடிதத்தில் செய்தியை எடு என்று எழுதாததற்குக் காரணம் இதுதான். கடைக்காரர் பத்திரிகைக்கு என்ன எழுத வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தால் அப்புறம் கலப்படச் செய்தியும் வராது. என் காசை எங்கே வைப்பது என்று நான் முடிவு செய்யலாம், உன் பேனாவை எங்கே வைப்பது என்று நான் சொல்லக் கூடாது. இந்தக் கோடு மெல்லியது. லண்டனில் 2020ல் கோ-ஆப் கடைகள் ஸ்பெக்டேட்டர் வார இதழில் இனி விளம்பரம் கிடையாது என்று ட்வீட் போட்டபோது, அதன் தலைவர் ஆண்ட்ரூ நீல், நீங்கள் நிறுத்த வேண்டாம், நானே உங்கள் விளம்பரத்துக்கு நிரந்தரத் தடை போடுகிறேன் என்று திருப்பியடித்தார், கோ-ஆப்தான் பின்வாங்கியது. பத்திரிகைக்காரனாக அவருக்கு அந்த முறுக்கு இருக்கட்டும், எனக்கு அது பிடிக்கத்தான் செய்கிறது. அதே மாதிரி 2017 கடைசியில் வர்ஜின் ரயில் நிறுவனம் ரயிலில் டெய்லி மெயிலை விற்பதையே நிறுத்தியது, 2018 ஜனவரியில் விஷயம் வெளியே வந்ததும் வர்ஜின் குழுமத்தின் ரிச்சர்ட் பிரான்சன் தலையிட்டு அதைத் திரும்ப விற்கச் சொன்னார். அதிலும் பிரான்சன் பக்கம்தான் நான். பயணி எதைப் படிப்பது என்று ரயில்காரர் முடிவு செய்வது வேறு, ரயில்காரர் எதற்குக் காசு கொடுப்பது என்பது வேறு.

நம் ஊரில் இதற்கு மேல் ஒரு சிக்கல், இங்கே பெரிய விளம்பரதாரர் அரசாங்கம். முழுப் பக்கத்தில் முதல்வர் சிரிக்கிற விளம்பரத்துக்கு யார் வாடிக்கையாளர், யாரிடம் போய்க் கேட்பது? அந்தக் கல்லாப்பெட்டி எந்தப் பக்கம் திறக்கும் என்று தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி இன்னொரு நாள், நான் ரிட்டயர் ஆன பிறகு எழுதுகிறேன்.

கடிதம் போனது. பதில் கடிதம் வரவில்லை. பத்து நாள் கழித்து செய்தி டெஸ்க்கிலிருந்து ஒருவர் முதலாளிக்குப் போன் செய்து பத்து நிமிஷம் பேசினார், மன்னிப்பு என்று சொல்லவில்லை, கவனிக்கிறோம் என்றார். அடுத்த வாரம் காப்பர் வயர் திருடனைப் போலீஸ் பிடித்தது. உள்ளூர்க்காரன், மலையாளமும் தமிழும் நன்றாகப் பேசுவான். ஆறு காலத்தில் வந்த சந்தேகத்துக்கு ஏழாம் பக்கத்தில் ஒற்றைக் காலத்தில் இரண்டு பத்தி. அதற்குப் பிறகு லோக்கல் பக்கத்தில் 'அன்ய சம்ஸ்தான' குறைந்து, அரசாங்கம் பயன்படுத்துகிற 'அதிதித் தொழிலாளி' எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. அதிதி என்றால் விருந்தாளி. கேரளத்தில் இப்படி வந்தவர்கள் 25 லட்சம் பேர் என்று 2013லேயே குலாட்டி நிதி ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. கஞ்சிக்கோட்டில் அவர்கள் தங்க 'அப்னா கர்' என்று அரசே விடுதி கட்டியிருக்கிறது. பதினோரு வருஷம் உழைக்கிற ஆளை இன்னும் விருந்தாளி என்பதும் ஒரு மாதிரிதான், விருந்தாளி என்றால் ஒருநாள் கிளம்பித்தானே ஆக வேண்டும். இருந்தாலும் பீதி என்பதற்கு இது தேவலை. எங்கள் கடிதத்தால்தான் இது நடந்ததா? எனக்குத் தெரிந்தவரை டெஸ்க்கில் ஆள் மாறியதும் அந்தச் சமயத்தில்தான்.

என் மனைவியும் நானும் இதையெல்லாம் போனில் சொன்னபோது இங்கிலாந்துக்காரி சிரித்தாள். அவள் சூப்பர் மார்க்கெட்டுக்கு எழுதிய மெயிலுக்கு வந்தது, உங்கள் கருத்துக்கு நன்றி என்கிற பதில் மட்டும். அவள் இப்போது அரிசியைத் தமிழர் கடையில் வாங்குகிறாள், கிலோவுக்கு விலை கூடுதல் என்று புலம்பிக்கொண்டே.

2025 ஓணத்துக்கு ஆகஸ்ட் தொடக்கத்திலேயே மேனேஜர் சேட்டன் கூப்பிட்டார். இந்த வருஷம் மார்க்கெட் நல்லா இருக்கு, உங்கள் முதலாளி கால் பக்கம் தருவாரா, மூன்றாம் பக்கமே தருகிறேன், கூடுதல் ரேட் வேண்டாம் என்றார். நான் முதலாளியிடம் போனேன். கடையில் கூட்டம். அந்த ஒடிசாக்காரரும் அங்கேதான் இருந்தார், தவணை முடிந்து இப்போது வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தார், மகள் ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த விலையை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். முதலாளி என்னைப் பார்த்தார், அந்தப் பிள்ளையைப் பார்த்தார், கால்குலேட்டரைத் தட்டினார்.

"மூணாம் பக்கம் வேண்டாமுங்ண்ணா. ஸ்போர்ட்ஸ் பேஜ்ல போடச் சொல்லுங்கோ. அங்க திட்டினாலும் அம்பயரைத்தான் திட்டுவாங்க."

புக் செய்துவிட்டேன். ஸ்போர்ட்ஸ் பக்கத்துக்கு ரேட் குறைவு, என் கமிஷனும் குறைவு.